சர் ஏ.டி. பன்னீர்செல்வம்: தஞ்சை மண்ணின் பொதுநிலையினர் ஒருவர்

ஈரோட்டுக்குச் சென்று வந்தவர்களுக்குப் பன்னீர்செல்வம் பூங்கா தெரிந்த இடம்தான். யார் இந்தப் பன்னீர்செல்வம் என்று நம் இளையோரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் அண்மைக் காலத்தில் முதலமைச்சராக இருந்த ஒருவரைச் சொல்வார்கள். அவர் அல்லர். பூங்காவுக்குப் பெயர் தந்தவர் நம் தஞ்சைப் பகுதியில், காவிரி பாயும் வயல்களுக்கு நடுவே பிறந்த ஒரு கத்தோலிக்கர். கடவுள் மறுப்பைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்ட பெரியாரின் சொந்த ஊரில், திருமுழுக்குப் பெற்ற ஒருவரின் பெயர் நிலைத்து நிற்கிறது. இது எப்படி நேர்ந்தது என்பதை அறிய, அவரது பொதுவாழ்வைச் சற்றுப் பின்தொடர்ந்து பார்ப்போம்.

1888ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள், பெரும்பண்ணையூருக்கு அருகிலுள்ள செல்வபுரத்தில் அவர் பிறந்தார். அன்று அது தஞ்சாவூர் மாவட்டம். இன்று திருவாரூர் மாவட்டம். தந்தையின் பெயர் தாமரைச்செல்வம். முழுப்பெயரை எழுதினால் ஆரோக்கியசாமி தாமரைச்செல்வம் பன்னீர்செல்வம் என்று வரும். நிலபுலன்கள் மிகுந்த குடும்பம். இங்கிலாந்துக்குச் சென்று சட்டம் பயின்று, பாரிஸ்டராகத் திரும்பி வந்து, தஞ்சாவூரில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அந்நாளில் திறந்திருந்த வழி அது. அத்தோடு நின்றிருந்தால் இன்று நாம் அவரைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

1918இல் தஞ்சாவூர் நகராட்சியின் தலைவரானார். வயது முப்பது. முனிசிபாலிட்டி என்றால் குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, குப்பை. இன்றைக்கும் ஒரு நகர்மன்ற உறுப்பினரின் வீட்டு வாசலில் காலையில் வந்து நிற்கும் அதே குறைகள்தாம். 1920 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பெரிய கோவிலின் நிழலில் வாழும் நகரம் அது; உறுப்பினர்களிலும் வாக்களிப்போரிலும் பெரும்பான்மையினர் இந்துக்கள். அவர்கள் நடுவில் ஒரு கத்தோலிக்கர் தலைவராக அமர்ந்தார் என்பதை இங்கே குறித்துக் கொள்வோம். பின்னர் இலண்டனில் அவர் எடுத்த ஒரு முடிவைப் பார்க்கும்போது இது நமக்குத் தேவைப்படும்.

1916இல் தோன்றிய நீதிக்கட்சி அப்போது வளர்ந்து கொண்டிருந்தது. அரசுப் பணியிலும் கல்வியிலும் பிராமணர் அல்லாதோருக்கு உரிய பங்கு வேண்டும் என்பது அக்கட்சியின் அடிப்படைக் கோரிக்கை. பன்னீர்செல்வம் அதில் இணைந்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தலைவராக விளங்கிய தமிழவேள் உமாமகேசுவரனார் அவருக்கு உற்ற துணை. ஒருவர் சைவர், மற்றவர் கத்தோலிக்கர். தஞ்சைப் பகுதியில் நீதிக்கட்சி என்றால் இந்த இருவரும்தாம் என்று சொல்லும் அளவுக்கு இணைந்து உழைத்தார்கள்.

1924 முதல் 1930 வரை தஞ்சாவூர் ஜில்லா போர்டின் தலைவராகப் பன்னீர்செல்வம் இருந்தார். ஜில்லா போர்டு என்ற சொல்லையே இன்றைய வாசகர் பலர் கேட்டிருக்க மாட்டார்கள். இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் எல்லாம் சேர்ந்தது அன்றைய தஞ்சை ஜில்லா. அதன் சாலைகள், பாலங்கள், உயர்நிலைப் பள்ளிகள், மருத்துவமனைகள், சத்திரங்கள் ஆகியவை அந்த போர்டின் கையில் இருந்தன. போதாததற்கு ஒரு ரயில் பாதையும் இருந்தது! நிலவரியோடு சேர்த்து மக்களிடம் தனி வரி வாங்கி, தஞ்சை ஜில்லா போர்டு தன் சொந்தப் பணத்தில் அந்த ரயில் பாதையைப் போட்டது. 1894இல் மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை திறக்கப்பட்டு, பின்னர் பட்டுக்கோட்டை, அறந்தாங்கி என்று நீண்டது. ரயிலை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. பாதையின் உடைமை போர்டுக்கு. அது பன்னீர்செல்வம் பதவிக்கு வருமுன்பே நடந்த செயல். அதற்கான பெருமை அவருக்கு உரியது அல்ல. ஆனால் அவர் அமர்ந்த நாற்காலி எத்தகையது என்பதை அது காட்டுகிறது. இன்றைய மாவட்ட ஊராட்சித் தலைவர்கள் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

அந்த நாற்காலியில் இருந்துகொண்டு அவர் செய்தவற்றுள் இரண்டு செயல்கள் தஞ்சைப் பகுதியில் இன்றும் பேசப்படுகின்றன. இரண்டும் புதிதாக எதையும் கட்டிய செயல்கள் அல்ல. ஏற்கெனவே இருந்ததைத் திறந்துவிட்ட செயல்கள்.

முதலாவது, சத்திரங்கள். தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர்கள், இராமேசுவரத்துக்குச் செல்லும் வழிநெடுகச் சத்திரங்களைக் கட்டி, அவற்றுக்கு ஏராளமான நிலங்களை எழுதி வைத்தார்கள். ஒரத்தநாட்டில் சரபோசி மன்னர் கட்டிய முத்தம்பாள் சத்திரம் இவற்றுள் புகழ்பெற்றது. 1855இல் அரச மரபு முடிந்த பின் இந்தச் சத்திரங்கள் அரசின் கைக்கும், பிறகு போர்டின் கைக்கும் வந்தன. சத்திரத்து நிலம் விளைந்தது, நெல் வந்தது, அதைக் கொண்டு பள்ளியும் மாணவர் உணவும் நடந்தன. ஆனால் அந்த உணவுப் பந்தி எல்லாருக்கும் விரிக்கப்படவில்லை. தங்கிப் படித்து உண்ணும் வாய்ப்பு பிராமண மாணவர்களுக்கே இருந்தது. பன்னீர்செல்வம் தலைவரான பின், ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் மற்றச் சமூகத்து மாணவர்களும் தங்கிப் படிக்க விடுதி வசதி கிடைத்தது. விடுதி என்பது அந்தக் காலத்தில் சிறிய செய்தி அல்ல. உயர்நிலைப் பள்ளி பத்துப் பதினைந்து மைல் தொலைவில் இருக்கும். வழியில் ஆறுகளும் வாய்க்கால்களும் குறுக்கிடும். அடைமழைக் காலத்தில் வரப்பே தெரியாது. தங்க இடமும் இருவேளைச் சோறும் இல்லாத பிள்ளை ஐந்தாம் வகுப்போடு மாடு மேய்க்கத் திரும்பிவிடும்.

இரண்டாவது, திருவையாறு. காவிரியின் வடகரையில் உள்ள இந்த ஊரில் அரசர் அறக்கட்டளைப் பணத்தில் ஒரு வடமொழிக் கல்லூரி நடந்து வந்தது. அதற்கும் பொறுப்பு ஜில்லா போர்டு. தமிழ்நாட்டின் நடுவில், தமிழர் உழுத நிலத்தின் வருவாயில் நடக்கும் கல்லூரியில் தமிழ் ஏன் இல்லை என்று பன்னீர்செல்வமும் உமாமகேசுவரனாரும் கேட்டார்கள். அறக்கட்டளையின் விதி வடமொழிக்கு மட்டுமே இடம் தருகிறது என்று பதில் வந்தது. உடனே மூல ஆவணத்தை எடுத்து வரச் செய்து படிக்க வைத்தபோது, அதில் கல்வி வளர்ச்சிக்கு என்றுதான் இருந்தது, வடமொழிக்கு மட்டும் என்று இல்லை என்பது தஞ்சைப் பகுதியில் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. கல்லூரியில் தமிழ் வித்துவான் படிப்பு தொடங்கியது. அரசர் கல்லூரி என்ற பெயரும் வந்தது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பின்னர் தமிழ் கற்பித்த புலவர்கள் பலர் அங்கே படித்தவர்கள். வடமொழி வகுப்புகளை அவர் மூடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்தில் இன்னொரு வகுப்பறையைத் திறந்தார், அவ்வளவே.

பொதுவாழ்வில் உள்ள நம் மக்களுக்குச் சொல்வதற்கு இதில் ஒன்று இருக்கிறது. பதவிக்கு வந்தவர் புதிய திட்டங்களுக்கு அடிக்கல் நாட்டவே விரும்புவார். கல்லில் பெயர் பொறிக்கலாம். பழைய ஆவணத்தை எடுத்துப் படிப்பவர்கள் குறைவு.

அவரை எந்தக் குறையும் இல்லாதவராகக் காட்டுவது நம் நோக்கம் அன்று. நீதிக்கட்சியின் தலைமையில் நிலக்கிழார்களும் சமீன்தார்களும் நிறைந்திருந்தார்கள். தஞ்சை வயல்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த பண்ணையாட்களின் கூலியிலும் உரிமையிலும் அக்கட்சி கைவைக்கவில்லை. சாகுபடியாளர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் சட்டப் பாதுகாப்பு 1952இல்தான் வந்தது. அதைக் கொண்டுவந்ததும் பன்னீர்செல்வத்தின் அரசியல் எதிராளியான ராஜாஜியின் அரசு. விடுதலைப் போராட்டத்திலும் பன்னீர்செல்வம் மறுகரையில்தான் நின்றார். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை தஞ்சை ஜில்லாவின் சாலைகள் வழியாகவே நடந்து சென்றது. அந்த அணியில் பன்னீர்செல்வம் இல்லை. வெள்ளை அரசு வழங்கிய ராவ் பகதூர், சர் பட்டங்கள் அவர் பெயருக்கு முன்னால் இருந்தன.

இனி, இலண்டனுக்குச் செல்வோம். 1931 செப்டம்பரில் இரண்டாம் வட்டமேசை மாநாடு தொடங்கியது. இந்தியாவின் வருங்கால அரசியலமைப்பைப் பேசுவதற்காகப் பிரித்தானிய அரசு கூட்டிய மாநாடு. காங்கிரசின் ஒரே பிரதிநிதியாகக் காந்தியடிகள் சென்றார். இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதிகளாக இருவர் சென்றார்கள்: பஞ்சாபைச் சேர்ந்த சீர்திருத்த சபைக் கிறிஸ்தவர் டாக்டர் எஸ்.கே. தத்தா, தஞ்சாவூரின் பன்னீர்செல்வம். சிறுபான்மையினருக்குச் சட்டமன்றத்தில் எப்படி இடம் தருவது என்பதே அங்கே தீராத சிக்கலாக நின்றது. அந்த ஆண்டு நவம்பரில் சிறுபான்மைச் சமூகங்கள் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. முஸ்லிம்களுக்காக ஆகாகான், ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்காக டாக்டர் அம்பேத்கர், ஆங்கிலோ இந்தியருக்காக சர் ஹென்றி கிட்னி, ஐரோப்பியருக்காக சர் ஹூபர்ட் கார், இந்தியக் கிறிஸ்தவர்களுக்காகப் பன்னீர்செல்வம் என ஐவர் கையொப்பமிட்டனர். தத்தாவின் கையொப்பம் அதில் இல்லை.

அந்த உடன்படிக்கை கேட்டது தனி வாக்காளர் தொகுதி. இன்று நாம் அறிந்த ஒதுக்கீட்டுத் தொகுதி போன்றது அல்ல அது. ஒதுக்கீட்டுத் தொகுதியில் வேட்பாளர் ஒரு குறிப்பிட்ட சமூகத்தவராக இருப்பார்; வாக்களிப்போர் எல்லாரும். தனி வாக்காளர் தொகுதியிலோ வாக்காளர் பட்டியலே வேறு. கிறிஸ்தவ வேட்பாளருக்குக் கிறிஸ்தவர் மட்டும் வாக்களிப்பர். பொதுத்தொகுதி வேட்பாளருக்குக் கிறிஸ்தவர் வாக்களிக்க முடியாது. கும்பகோணத்தில் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டில் வாழும் இருவர், தேர்தல் நாளில் இரண்டு வெவ்வேறு வேட்பாளர் குழுக்களுக்கு வாக்களிப்பார்கள். பொதுத்தொகுதியில் நிற்பவர் கிறிஸ்தவர் வீட்டுப் படியேற வேண்டிய தேவையே இராது.

இங்குதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது. பெரும்பான்மை இந்துக்களின் நம்பிக்கையால் நகராட்சிக்கும் போர்டுக்கும் தலைவரான ஒருவர், தம் சமூகத்துக்குத் தனிப் பட்டியல் வேண்டும் என்று ஏன் கேட்டார்? தம் வெற்றியைப் பொதுவிதியாக அவர் எண்ணவில்லை என்றே நாம் கருதுகிறோம். பாரிஸ்டர் பட்டமும் நிலமும் கட்சிப் பின்னணியும் உள்ள ஒருவர் வென்றுவிடலாம். ஊருக்கு இருபது குடும்பம், முப்பது குடும்பம் என்று சிதறிக் கிடக்கும் மக்களின் குரலைச் சட்டமன்றத்தில் யார் எழுப்புவார்? இது நேர்மையான அச்சம். ஆனால் மறுபக்கத்திலும் நேர்மை இருந்தது. முதல் வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாகச் சென்ற சேலத்துக் கே.டி. பால், தனிப் பட்டியலை விரும்பாதவர். வேலி போட்டுக்கொண்டால் திருச்சபை அண்டை வீட்டாரிடமிருந்து விலகிப்போகும் என்பது அவரைப் போன்றோரின் கவலை. அவர் 1931 ஏப்ரலில் இறந்துபோனார்.

1932 ஆகஸ்டில் வெளிவந்த வகுப்புவாரித் தீர்ப்பு பன்னீர்செல்வத்தின் கோரிக்கையை ஏற்றது. 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 8 இடங்கள் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குக் கிடைத்தன. பெண்களுக்கான இடங்களுள் ஒன்றும் கிடைத்தது. சொத்து, வரி, படிப்பு இவற்றைக் கொண்டே அன்று வாக்குரிமை அளக்கப்பட்டதால், சேரியில் வாழ்ந்த கிறிஸ்தவருள் பெரும்பாலோர் அந்தப் பட்டியலிலும் இல்லை. அதைவிடக் கசப்பானது அடுத்து வந்தது. 1936இல் பட்டியல் சாதியினர் யார் என்று அரசு ஆணை வெளியிட்டபோது, எந்த இந்தியக் கிறிஸ்தவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்று எழுதிவிட்டது. கிறிஸ்தவருக்குத்தான் தனி இடம் இருக்கிறதே என்ற எண்ணம் அதற்குத் துணை நின்றிருக்கலாம். 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் மதச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீடு கைவிடப்பட்டபோது, வங்காளக் கிறிஸ்தவரான எச்.சி. முகர்ஜியும், சென்னை லயோலா கல்லூரியின் தலைவராக இருந்த இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசாவும் அதை ஆதரித்தார்கள். தத்தாவும் பாலும் விரும்பிய வழி இறுதியில் வென்றது. ஆனால் 1936இன் அந்த விலக்கு மட்டும் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையிலும் தொடர்ந்தது. தனி இடமும் போயிற்று, பட்டியல் சாதி உரிமையும் வரவில்லை. நம் பங்குகளில் தலித் கிறிஸ்தவ மக்கள் கறுப்புக் கொடி ஏற்றி ஊர்வலம் செல்லும்போது, அந்தக் கோரிக்கையின் வேர் எவ்வளவு பழையது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இதை ஆராய 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது.

இலண்டனிலிருந்து திரும்பிய பன்னீர்செல்வம், 1930களின் நடுவில் சென்னை ஆளுநரின் நிர்வாகக் குழுவில் உள்துறை உறுப்பினரானார். 1937 தேர்தலில் காங்கிரஸ் 159 இடங்களை வென்றது; நீதிக்கட்சி நிலைகுலைந்தது. காங்கிரஸ் உடனே ஆட்சி ஏற்க மறுத்ததால், ஏப்ரல் முதல் ஜூலை வரை கூர்ம வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் இடைக்கால அமைச்சரவை நடந்தது. அதில் உள்துறையும் நிதியும் பன்னீர்செல்வத்திடம். மூன்றரை மாத ஆட்சி. சொல்வதற்கு அதிகம் இல்லை. ஜூலையில் ராஜாஜி முதலமைச்சராக, அவர் எதிர்வரிசைக்குச் சென்றார்.

எதிர்வரிசையில்தான் அவர் பெயர் தமிழ்நாடு முழுதும் பரவியது. 1938 ஏப்ரலில் 125 பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாயப் பாடமாக்கி ராஜாஜி அரசு ஆணையிட்டது. தெருவில் பெரியாரும் தமிழறிஞர்களும் போராட, சட்டமன்றத்துக்குள் எதிர்ப்புக் குரல் எழுப்பியவர்களில் முன்னணியில் நின்றவர் பன்னீர்செல்வம். சிறைக்குச் சென்றவர்களுள் நடராசனும், கும்பகோணத்தைச் சேர்ந்த தாளமுத்துவும் 1939இன் தொடக்கத்தில் அடுத்தடுத்து இறந்தார்கள். முன்னதாக, 1938 டிசம்பர் இறுதியில் சென்னையில் நீதிக்கட்சி மாநாடு கூடியபோது பெரியார் சிறையில் இருந்தார். சிறையில் இருந்தவரையே கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவரது தலைமையுரையை மேடையில் படித்தவர் பன்னீர்செல்வம்.

மத நம்பிக்கையைக் கடுமையாகச் சாடும் ஒருவரின் உரையை ஒரு கத்தோலிக்கர் எழுந்து நின்று படிக்கலாமா என்று இன்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். பன்னீர்செல்வம் தம் திருச்சபையை விடவில்லை. பெரியார் தம் கொள்கையை விடவில்லை. சாதி ஏற்றத்தாழ்வு, கல்வி, மொழி என்ற மூன்றில் இருவரும் ஒன்றாக நடக்க முடிந்தது. நடந்தார்கள். மற்றவற்றைப் பேசித் தீர்த்துவிட்டுத்தான் சேர்ந்து உழைக்க வேண்டும் என்று காத்திருக்கவில்லை.

போர் தொடங்கியது. 1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியது. இலண்டனில் இந்திய அமைச்சரின் ஆலோசகர் பதவி பன்னீர்செல்வத்துக்கு வந்தது. 1940 பிப்ரவரி 21ஆம் நாள் கட்டாய இந்தி விலக்கப்பட்டதாக ஆளுநர் ஆட்சியின் அறிவிப்பு வெளியானது. அதன் பின் பத்து நாள்கூட முழுதாக ஆகவில்லை. மார்ச் 1ஆம் நாள், ஹானிபால் என்ற நான்கு எஞ்சின் விமானம் எட்டுப் பேருடன் மேற்கு நோக்கிச் சென்றது. பத்தாண்டு பழைய வகை; இரட்டைச் சிறகு கொண்டது; மெதுவாகப் பறப்பது. ஓமன் வளைகுடாவின் மேல் சார்ஜாவை நோக்கிச் செல்லும்போது அது காணாமற் போயிற்று. பன்னீர்செல்வம் அதில் இருந்தார். வயது 51. தேடினார்கள்; விமானமோ, ஆட்களோ, அஞ்சல் மூட்டைகளோ கிடைக்கவில்லை. என்ன நடந்தது என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

குடிஅரசு இதழில் பெரியார் எழுதிய இரங்கல் புகழ்பெற்றது. தம் மனைவி நாகம்மையாரின் மறைவையும் தாயாரின் மறைவையும் தாங்கிக்கொண்ட தமக்கு, இந்த இழப்பு தாங்க முடியாததாக இருக்கிறது என்ற பொருளில் எழுதியிருந்தார். மறு ஆண்டே உமாமகேசுவரனாரும் வடநாட்டுப் பயணத்தில் இறந்துபோனார். தஞ்சாவூர் மறைமாவட்டம் உருவானது அதற்கும் பின், 1952இல். திருச்சியில் இப்போது அரசு அவருக்கு மணிமண்டபம் எழுப்பியிருக்கிறது.

நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று நம் பகுதி ஊர்களில் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி, குருவானவர் மந்திரிக்க வரும்வரை குடும்பத்தோடு காத்திருப்போம். கடல் கொண்டுபோன அவர் உடலுக்கு அப்படி ஓரிடம் இல்லை.